தலையில் ஃபிளாஷ், முதுகில் பாராசூட்

டிஸ்கி: இது கொஞ்சம் கேமரா, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பயம் கலந்த பதிவு. கணக்குன்னதும் ஓடிடாதீங்க மக்களே, வகுத்தல் தெரிஞ்சா போதும் :-)

காலேஜ்ல என்கூட படிச்ச தோஸ்த் ஒருத்தன் துபாய்ல வேலை பாக்குறான். நாமெல்லாம் லீவு கிடைச்சா தூங்குவோம். அவன் விமானத்துல ஏறி 13,000 அடியில இருந்து குதிப்பான். இதுவரைக்கும் 240 தடவைக்கு மேல குதிச்சாச்சாம். போன மாசம் ஒரு மெயில். "மச்சி, ஹெல்மெட்ல கேமரா மாட்டிட்டேன். இப்ப ஃபிளாஷும் மாட்டணும். நீ கேட்ல (அதாங்க, கம்ப்யூட்டர்ல படம் வரையறது) ஒரு மவுண்ட் வரைஞ்சு குடுடா. இங்க த்ரீடி பிரிண்ட் எடுத்துக்கறேன்." கூடவே வழக்கமான ஐஸ்: "உன்னை விட்டா யாருடா எனக்கு?"

படிச்சதும் எனக்கு வந்த முதல் கேள்வி, உங்களுக்கும் இப்ப வந்திருக்கும். பட்டப்பகல், மேகத்துக்கு மேல, மொத்த சூரியனும் இவனுக்குத்தான். இதுல ஃபிளாஷ் எதுக்கு?

பதில் நம்ம பாண்டி பீச் ரோட்டிலேயே இருக்கு. காலையில ஆறரை மணிக்குப் போய் காந்தி சிலைகிட்ட நில்லுங்க. கிழக்குக் கடற்கரை, சூரியன் கடல்ல இருந்துதான் வரும். வெளியூர்ல இருந்து வர்றவங்க கடலும் சூரியனும் பின்னாடி தெரியணும்னு முதுகைக் காட்டி நிப்பாங்க. படத்துல கடல் பிரமாதமா வரும், சூரியன் அதைவிட பிரமாதமா வரும், மூஞ்சி மட்டும் அடுப்புக்கரி. அங்க விவரமான போட்டோகிராபர் பட்டப்பகல்லயும் ஒரு ஃபிளாஷ் தட்டுவார். இருட்டை விரட்ட இல்லை, முகத்துல விழற நிழலை நிரப்ப. இதுக்கு ஃபில் ஃபிளாஷ்னு பேரு.

வானத்துல இதே கதைதான், கொஞ்சம் மோசமா. ஸ்கைடைவர் குப்புறப் படுத்த மாதிரி விழறார். சூரியன் அவர் முதுகுமேல. முகம் கீழ பார்க்குது. படம் எடுக்கிற ஆள் எதிர்ல, கொஞ்சம் தாழ்வா இருந்து மேல பார்த்து எடுப்பார். அப்ப முகம் முழுக்க நிழல், பின்னாடி பளீர்னு வானம். கீழ வெள்ளை மேகம் பரவிக் கிடந்தா பிரச்சினை இல்லை. மேகமே ஒரு பெரிய ரிஃப்ளெக்டர் மாதிரி வெளிச்சத்தை மேல திருப்பி அனுப்பும். கீழ கடலோ பச்சை வயலோ இருந்தாதான் ஃபிளாஷ் தேவைப்படும்.

சரி, 200 கிலோமீட்டர் வேகத்துல விழறப்போ படம் ஆடாதான்னு அடுத்து கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். மணிக்கு 190, 200 கிலோமீட்டர்ங்கறது தரையை வெச்சுச் சொல்ற கணக்கு. எடுக்கிறவரும் எடுக்கப்படுறவரும் ஒரே வேகத்துல விழறாங்க. விழுப்புரம் பாசஞ்சர்ல எதிர் சீட்டுக்காரர் நமக்கு எதிர்லயே உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். ரயில் எவ்வளவு வேகமா போனாலும் அவர் முகம் ஆடறதில்லையே. ஆகவே வேகம் கேமராவுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை வெளிச்சமும் தூரமும்.

இப்ப கணக்கு. வெயில் படத்துக்கு பழைய ஃபிலிம் காலத்து விதி ஒண்ணு உண்டு: ஐ.எஸ்.ஓ 100, எஃப்/16, ஷட்டர் நூறுல ஒரு பங்கு செகண்ட். சாதாரண டிஎஸ்எல்ஆர்ல ஃபிளாஷ் போட்டா ஷட்டர் இருநூறுல ஒரு பங்குக்கு மேல போக முடியாது. போனா ஷட்டரோட திரை பாதிப் படத்தை மறைச்சிடும். அந்த 200-ஐ வெச்சுக்கிட்டா அப்பர்ச்சர் எஃப்/11. (ஹை ஸ்பீட் சிங்க்னு ஒண்ணு இருக்கேன்னு கேட்கிற புலிகளுக்கு: இருக்கு, ஆனா அதுல ஃபிளாஷோட பலம் நல்லாவே குறைஞ்சிடும்.)

தோஸ்த் கையில இருக்கிறது 2008-ல வந்த கேனன் 430 ஈஎக்ஸ் டூ, செகண்ட் ஹேண்ட். பேர்லயே 43 இருக்கு பாருங்க, அது அதோட கைடு நம்பர். கைடு நம்பரை அப்பர்ச்சரால வகுத்தா ஃபிளாஷ் எத்தனை மீட்டர் எட்டும்னு வந்துடும். 43-ஐ 11-ஆல வகுத்தா கிட்டத்தட்ட நாலு மீட்டர். பயல் இதைத்தான் போட்டு வெச்சிருந்தான்.

ஆனா அந்த 43, வெளிச்சத்தை 105 எம்எம் லென்ஸுக்காக ஒடுக்கி அடிக்கறப்போ. வானத்துல யாரும் 105 எம்எம் மாட்டறதில்லை. கண்ணை வெச்சுப் பார்த்து ஃபிரேம் பண்ண முடியாது, தலையைத் திருப்பற திசைதான் ஃபிரேம். அதனால 15 எம்எம் மாதிரி அகல லென்ஸ். அதுக்கு ஃபிளாஷ் முன்னாடி வெளிச்சத்தைப் பரப்பற பிளாஸ்டிக் தகடை இழுத்து விடணும். விட்டா கைடு நம்பர் 43-ல இருந்து 11-க்கு இறங்கிடும். கேனன் மேனுவல்லயே பட்டியல் இருக்கு. 11-ஐ 11-ஆல வகுத்தா?

ஒரு மீட்டர்!

ரெண்டு மீட்டர்ல நாலுல ஒரு பங்கு வெளிச்சம், மூணு மீட்டர்ல ஒன்பதுல ஒரு பங்கு. நிழலை நிரப்ப முழு வெளிச்சம் வேண்டாம், நாலுல ஒரு பங்கு இருந்தாலே முகம் தெளிஞ்சிடும். ஆக இந்த ஃபிளாஷ் உருப்படியா வேலை செய்யற இடம் ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டர் வரைக்கும். அதுக்கு அந்தாண்ட அது வெறும் அலங்கார விளக்கு.

இந்த இடத்துலதான் எனக்கு லேசா வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா இதோட அர்த்தம் என்ன? ஃபிளாஷ் மாட்டினா நீ இன்னும் கிட்டப் போகணும். அவன் எடுக்க ஆசைப்படறது டேண்டம் ஜோடிகளை. முதல் தடவை குதிக்க வர்றவரை ஒரு பயிற்சியாளர் தன்னோட கட்டிக்கிட்டுக் குதிப்பாரே, அது. அவங்களுக்கு நேர் மேல போனா அவங்க உடம்பு காத்தைத் தடுக்கறதால நமக்குத் தாங்கற காத்து இருக்காது, அவங்க மேலயே விழுவோம். நேர் கீழ போனா நம்ம தலைமேலதான் அவங்க பாராசூட் விரியாம வர்றாங்க. எதிர்ல மட்டும்தான் இடம். அதுல ரெண்டு மீட்டருக்குள்ள, மொத்தம் ஒரு நிமிஷத்துக்குள்ள, பல்லுல கடிக்கிற சுவிட்சால படம் எடுக்கணும். (கை ரெண்டும் பறக்கறதுக்கு வேணும், அதனால ஷட்டர் பட்டன் வாய்க்குள்ள!)

அடுத்தது எடை. ஃபிளாஷ் 320 கிராம், நாலு பென்சில் பேட்டரி சேர்த்தா 430 பக்கம். ஏற்கனவே தலைமேல கேமராவும் லென்ஸும் ஒரு கிலோ. பாராசூட் விரியற நொடியில உடம்பு மூணு நாலு மடங்கு எடையை உணரும். சில சமயம் அதைவிட முரட்டுத்தனமா விரியும். நாலு மடங்குன்னா ஃபிளாஷ் மட்டுமே ஒண்ணே முக்கால் கிலோ, அதுவும் தலையோட நடுவுல இல்லாம ஒரு ஓரத்துல. கழுத்து அதை நெம்புகோல் கணக்காத்தான் வாங்கும்.

எடையைக் கூடத் தாங்கிடலாம். பெரிய எமன் மாட்டிக்கறதுதான். பாராசூட் முதுகுல இருந்து கிளம்பறப்போ கயிறுகள் தலையை ஒட்டி மேல போகும். உடம்பு கொஞ்சம் திரும்பியிருந்தா, ஹெல்மெட்ல துருத்திக்கிட்டு நிக்கிற எதுலயும் ஒரு கயிறு சிக்கலாம். அப்படிச் சிக்கிட்டா முதல் பாராசூட்டைக் கழட்டி விட்டுட்டு ரிசர்வை இழுக்கறதும் சுத்தமா நடக்காது. அதனாலதான் கேமரா ஹெல்மெட்டுக்கு ஒரே இழுப்புல கழண்டு வர்ற தாடைப் பட்டை வெச்சிருக்காங்க. கேமரா போனா போகுது, தலை மிஞ்சட்டும்னு. அமெரிக்க பாராசூட் சங்கம் 200 குதிப்பாவது முடிக்காம கேமரா பக்கமே போகாதேன்னு சொல்றதும் இதனாலதான். கேமரா கனம்ங்கறதை விட, கேமரா கவனத்தைத் திருடும்ங்கறது பெரிய காரணம்.

கவனம்னதும் ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. 1988 ஏப்ரல், அமெரிக்காவின் வட கரோலினா, லூயிஸ்பர்க். ஐவன் மெக்குயர்னு ஒருத்தர், 35 வயசு, 800 தடவைக்கு மேல குதிச்ச அனுபவசாலி. ஒரு மாணவரும் பயிற்சியாளரும் குதிக்கிறதை வீடியோ எடுக்க ஹெல்மெட் கேமராவோட அவரும் குதிச்சார். பாராசூட் போட்டுக்காமலே. அந்தக் காலத்துல கேமரா தலைமேல, டேப் ஓடற ரெக்கார்டர் தனியா உடம்புல. அந்தக் கனத்தையே பாராசூட்னு உடம்பு நம்பியிருக்கும்ங்கறதுதான் பலரும் சொல்ற விளக்கம். கேமரா கடைசிவரைக்கும் ஓடிக்கிட்டே இருந்தது. 800 தடவை குதிச்சவருக்கே இதுன்னா, 240 தடவை குதிச்ச நம்மாளு எம்மாத்திரம்?

இதுக்கு மேல ஃபிளாஷுக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு. சில பேர் ஃபிளாஷோட உறையைப் பிரிச்சு உள்ளே இருக்கறதை மட்டும் எடுத்து ஹெல்மெட்டுக்குள்ள மட்டமா புதைச்சு வைப்பாங்க. துருத்தாது, நல்ல யோசனைதான். ஆனா உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் 300 வோல்ட் பக்கம் சேர்த்து வெச்சிருக்கும். பேட்டரியைக் கழட்டின பிறகும் அதுல சரக்கு இருக்கும். விவரம் தெரியாம ஸ்க்ரூ டிரைவர் விட்டா வானத்துக்கே போக வேண்டாம், மேஜையிலேயே கதை முடிஞ்சிடும்.

இவ்வளவும் எதுக்காக? ஒரு முகத்துக்காக. அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 2018 பிப்ரவரியில சீத்தல் மகாஜன் தாய்லாந்து பட்டாயாவுல நவ்வாரிப் புடவை கட்டிக்கிட்டுக் குதிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? வட துருவத்துலயும் தென் துருவத்துலயும் குதிச்சு பத்மஸ்ரீ வாங்கினவங்க. அந்தப் புடவைப் படம் ஊரெல்லாம் சுத்திச்சு. அவங்க சிரிச்ச முகத்தைத்தான் எல்லாரும் பார்த்தோம். கூடவே விழுந்துகிட்டு அதை எடுத்த ஆளை யாரும் யோசிக்கலை. நல்ல படம்னா அப்படித்தான், எடுத்தவரை மறைச்சிடும். தோஸ்துக்கு அந்த ஆசைதான். எனக்கு அது புரியுது.

புரியாதது வேற. அவங்க அம்மா இங்க முத்தியால்பேட்டையில இருக்காங்க. நான் அந்தப் பக்கம் போனா காபி குடிக்காம விடமாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க: "லீவுல கூட அவன் ஃபோன் எடுக்க மாட்டேங்கறானே, அப்படி என்னப்பா பண்றான் அங்க?" நான் "தூங்குவான்மா"ன்னு சமாளிப்பேன். இப்ப அதே அம்மாவோட பிள்ளை தலையில நான் வரைஞ்ச ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆபீஸ்ல என் கோடுல பக் வந்தா மறுநாள் பேட்ச் போடுவேன். இதுக்கு மறுநாள் கிடையாது.

அதனால பதில் மெயில்ல மூணு விஷயம் எழுதினேன். ஒண்ணு, மேல இருக்கிற ஒரு மீட்டர் கணக்கு. ரெண்டு, கடைசி லோடுல, சாயங்கால வெயில் தாழ்வா வர்றப்போ, சூரியனை உன் முதுகுக்கு வெச்சு எடு. அந்த நேரத்துல முகத்துக்கு விழற தங்க வெளிச்சத்தை எந்த ஃபிளாஷும் தராது, எடையும் பூஜ்யம். மூணு, இதுக்கப்புறமும் மவுண்ட் வேணும்னா வரையறேன். துருத்தாம, விளிம்பு மழுங்கி, கயிறு சிக்கினா தானே ஒடிஞ்சு விழற மாதிரி வரையறேன். உன் குதிக்கிற இடத்துல இருக்கிற சீனியர்கள் பார்த்து ஓகே சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லு. அவங்களுக்குத் தெரியாத தலையில நான் எதையும் மாட்ட மாட்டேன்.

பத்து நாள் பேச்சே இல்லை. கோவம் போலன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஃபோன். சொல்லிட்டானாம். திட்டு விழும், அழுகை வரும்னு தயாரா இருந்தானாம். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். கடைசியில ஒரே ஒரு கேள்வி: "அவ்ளோ உசரத்துல குளிராதாடா?"

குளிரும். ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி குறையும். கீழ 32 டிகிரின்னா அங்க ஆறு டிகிரி. இதை அவங்களுக்கு நான்தான் போன வாரம் நேர்ல போய்ச் சொன்னேன். ஒரு மஃப்ளர் பின்னி அனுப்பப் போறாங்களாம். கயிறோட அதுவும் சிக்கும்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம காபியைக் குடிச்சுட்டு வந்துட்டேன் :-(

பி.கு: மவுண்ட் இன்னும் வரையலை. அவனும் இன்னும் கேட்கலை. சாயங்கால லோடுல எடுத்த நாலு படம் அனுப்பியிருக்கான். ஒண்ணுல, முதல் தடவை குதிச்ச ஒரு பெரியவர் வாயெல்லாம் பல்லா சிரிக்கிறார், முகம் பூரா வெயில். ஃபிளாஷ் இல்லை.