படிக்காமல் எழுதிய செய்தி

களக்காடு வட்டாரத்துச் செய்திகளை நெடுங்காலம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியவன் நான். வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞனின் உடல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும். உறவினர்கள் அதை வாங்க மறுத்து ரோட்டில் உட்கார்ந்திருப்பார்கள். டீக்கடையில், ‘பொணத்த வச்சுப் பேரம் பேசுதானுவ’ என்பார்கள். நானும் தலையாட்டினேன். ஒருமுறை அதே தொனியில் செய்தியும் எழுதினேன். அச்சில் வந்தது.

அந்த வீட்டார் கேட்டது சட்டப்படி அவர்களுக்குரியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளை நான் அதுவரை புரட்டியதே இல்லை. 2016 திருத்தத்தில் கொலைக்கு நிவாரணம் 8,25,000 ரூபாய் என்று வைத்தார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் மீதி. அதுபோக விதவைக்கு மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை செலவு. மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம்கூட அதில் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் உலை வைக்க வழியிருக்காது என்று விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த தெருவில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

உடலை அடக்கம் செய்துவிட்டால் பிறகு எந்த அதிகாரியும் தேடி வந்து பேசமாட்டார் என்பது அவர்கள் பட்டு அறிந்தது. அதனால்தான் உட்கார்ந்தார்கள்.

முதல் செக் கொடுத்த படத்தோடு என் வேலையும் முடிந்துவிடும். மீதிப் பாதி வந்ததா என்று நான் விசாரித்ததில்லை. கொல்லப்பட்ட இளைஞனின் தாய் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, ‘சார், மருமவ பென்சன் காயிதம் என்னாச்சின்னு கேட்டுச் சொல்லுவியளா?’ என்றார். ‘ஆபீசுல கேளுங்கம்மா’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

2023 ஆகஸ்டில் எங்கள் தாலுகாவின் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபோது நாடே பேசியது. நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவே அமைந்தது. நாடு பேசாத வீடுகளுக்கு உள்ளூர் நிருபர்தான் துணை. நான் அந்தத் துணையாக இருக்கவில்லை.

வன்கொடுமைச் சட்டத்துக்கு வெளியேயும் வழி உண்டு. எந்தச் சாதியானாலும், குற்றவாளி பிடிபடாவிட்டாலும்கூட, பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான திட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அதைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை.

டீக்கடைத் தொனியில் எழுதிய அந்தச் செய்திக்கு நான் திருத்தம் வெளியிடச் சொல்லவில்லை. டீக்கடையில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை அச்சிலேற்றி உண்மையாக்கியவர்களில் நானும் ஒருவன்.