பிரித்துப் பூட்டியபின் எழும் இரைச்சல்

லாரியின் பின் ஆக்ஸிலுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியலுக்கு இரண்டு வேலைகள். புரொப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது ஒன்று. பினியனும் கிரவுன் வீலும் அதைச் செய்கின்றன. வளைவில் இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் உருள இடம் தருவது மற்றொன்று. கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூண்டுக்குள் உள்ள சிறு பற்சக்கரங்களின் வேலை அது.

பழுதுபார்த்த வண்டியில் இரைச்சல் கேட்டால், அது பழுதுபார்ப்புக்கு முன்பே இருந்ததா என்பதுதான் முதலில் தெரியவேண்டும். முன்பே இருந்திருந்தால் மூலம் இன்னும் தொடப்படவில்லை. புதிதாக வந்தது என்றால் கைபட்ட இடங்களிலிருந்தே தேடல் தொடங்குகிறது. எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் கியர் ஆயிலின் மட்டமும் வகையும் சரிபார்க்கப்படும். ஹைபாய்டு வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே உருள்வதால், மிகை அழுத்தம் தாங்கும் எண்ணெய் இல்லையெனில் அவை விரைவில் தேய்ந்து கத்தத் தொடங்கும். வடிகால் மூடியின் காந்தத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு. செதிலாகவோ துண்டாகவோ உலோகம் இருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ சிதைகிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேபினில் உட்கார்ந்து காதால் சொல்ல முடியாது. சேஸிஸ் வழியே ஒலி முன்னால் வந்துவிடும். அது எப்போது மாறுகிறது என்பதே நம்பத்தக்க தடயம். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியும், வேகத்தை நிலையாகப் பிடித்தும், காலை எடுத்தும் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. இழுக்கும்போது மட்டும், அல்லது காலை எடுத்ததும் மட்டும் ஊளை எழுந்தால் பினியனும் கிரவுன் வீலும் பொருந்தும் இடத்தில் கோளாறு. இழுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத உறுமல் பேரிங்கைக் காட்டுகிறது. நேராக ஓடும்போது அமைதியாக இருந்து வளைவில் மட்டும் சத்தம் வந்தால் கூண்டுக்குள் உள்ள பற்சக்கரங்கள் ஐயத்துக்குரியவை. இடமும் வலமும் மெல்லச் சாயும்போது கூடிக் குறையும் ஒலி சக்கர பேரிங்கினுடையது. சாலையின் பரப்பு மாறும்போது மாறுவது டயரின் ஒலி. அதே வேகத்தில் வேறு கியருக்கு மாற்றியதும் ஒலி மாறினால் என்ஜின் பக்கமோ கியர்பாக்ஸோ காரணமாகலாம்.

ஒலியின் அதிர்வெண்ணும் வழிகாட்டும். உருளும் சுற்றளவு 3.2 மீட்டர் கொண்ட டயர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 5.2 முறை சுற்றும். கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால், புரொப்பல்லர் ஷாஃப்ட் விநாடிக்குச் சுமார் 21 முறை சுழலும். பற்கள் சுமார் 213 முறை கவ்வும். ஆகவே 213 ஹெர்ட்ஸ் அருகில் எழும் ஊளை பற்களுடையது. ஷாஃப்ட் ஒருமுறை சுழலும்போது அதன் முனையில் உள்ள கிராஸ் ஜாயிண்டில் இருமுறை வேகம் மாறுவதால், 43 ஹெர்ட்ஸ் அருகில் வரும் அதிர்வு ஜாயிண்டின் கோணத்தையோ தேய்மானத்தையோ சுட்டும். விநாடிக்கு ஐந்து முறை ஏறி இறங்கும் ஒலி சக்கரத்திலிருந்தோ, கோணலாகச் சுழலும் கிரவுன் வீலிலிருந்தோ வருகிறது.

இந்தக் குறிப்புகளை, வண்டியில் செய்த பழுதுபார்ப்போடு பொருத்திப் பார்க்கையில் மூலம் சுருங்குகிறது. பினியன் ஆயில் சீலை மாற்ற நட்டைக் கழற்றி மீண்டும் இறுக்கும்போது, நசுங்கும் ஸ்லீவ் உள்ள வண்டியில் அது கூடுதலாக நசுங்கி, பினியன் பேரிங்கின் முன்னிறுக்கம் மிகையாகிவிடும். ஷாஃப்டைக் கழற்றியவர் இரு முனைகளிலும் உள்ள கவை வடிவ யோக்குகளை ஒரே தளத்தில் பொருத்தாவிட்டால் அதிர்வு வரும். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றும்போது ஆக்ஸில் சாய்ந்தால் ஜாயிண்டுகளின் கோணம் கெடும். பேரிங்குகளை மட்டும் புதிதாக்கினாலும், பழைய பற்கள் தேய்ந்து பழகிய இடத்திலிருந்து சற்றே விலகி ஊளையிடலாம். பினியனும் கிரவுன் வீலும் இணையாகவே தேய்த்து முடிக்கப்படுவதால், ஒன்றை மட்டும் மாற்றினால் அமைதி கிடைப்பது அரிது.

டிஃபரன்ஷியலைத் திறந்தபின் எதையும் கலைக்கும் முன் அளப்பது அவசியம். பழைய பற்களையே மீண்டும் பூட்டுவதானால் முன்பிருந்த பல் இடைவெளியே அவற்றுக்குப் பொருத்தமான அளவு. புதிய இணைக்குப் பல கனரக ஆக்ஸில்களில் 0.20 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடப்படுகிறது. தயாரிப்பாளர் தரும் எண்ணே இறுதியானது. டயல் கேஜை கிரவுன் வீலின் பின்முகத்தில் வைத்துச் சுழற்றினால் கோணல் தெரியும். கோணல் இருந்தால் கூண்டின் விளிம்பும் அதன்மேல் அழுக்கோ பிசிறோ உள்ளதா என்பதும் பார்க்கப்படும்.

கடைசியாக, பற்களில் வண்ணப்பூச்சு தடவிச் சுழற்றும்போது பதியும் தடம் படிக்கப்படுகிறது. தடம் பல்லின் மேல் விளிம்பில் விழுந்தால் பினியன் விலகியிருக்கிறது. அடியில் விழுந்தால் மிகவும் உள்ளே போயிருக்கிறது. இரண்டுக்கும், பினியனின் இடத்தை நிர்ணயிக்கும் மெல்லிய தகடான ஷிம்மின் தடிமனை மாற்றுவதே மருந்து. இழுவைப் பக்கத்துத் தடம் உள்முனையில் ஒதுங்கினால் பல் இடைவெளி குறைவு. வெளிமுனையில் ஒதுங்கினால் அதிகம். இவற்றைக் கிரவுன் வீலை நகர்த்திச் சரிசெய்வர். ஷிம்மை மாற்றினால் இடைவெளியும் மாறுவதால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் தடத்தையும் இடைவெளியையும் மீண்டும் சரிபார்க்கவேண்டும். பூட்டிய பிறகு, அதே சாலையில், அதே சுமையோடு, அதே வேகங்களில் ஓட்டிப் பார்த்தால்தான் முதல் சோதனையோடு ஒப்பிட முடியும்.