மூன்றில் எது தூங்குகிறது?

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் நிற்கிற பஸ் ஆடும். கியர் போட்டுக் கிளம்பினால் வண்டி விக்கி விக்கி நகரும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் "மிஸ்ஸிங் சார்" என்பார்கள். அதுவரைக்கும் சரிதான். அடுத்து வரும் பாருங்கள் ஒரு வாக்கியம், அதுதான் வயிற்றைக் கலக்கும்: "இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம்!"

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவருக்கு இது சின்னச் செலவா? இறக்கத்தான் வேண்டுமா என்பதை அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியும்.

800-இன் இன்ஜின் 796 சிசி, மூன்றே சிலிண்டர்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் சிலிண்டருக்கு 450 வெடிப்பு. ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி காலி. நாலு சிலிண்டர் வண்டியைவிட இதில் ஆட்டம் அதிகம் தெரிவது அதனால்தான்.

எந்தப் பாகம் கெட்டது என்பது பிறகு. முதலில் எந்தச் சிலிண்டர்? கார்புரேட்டர் மாடல் என்றால் வேலை சுலபம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் ஓர் உதிரி பிளக்கை மாட்டி, அது இன்ஜின் உடம்பில் நன்றாகப் படும்படி வைத்து, ஸ்டார்ட் செய்ய வேண்டும். (ஓடும்போதே வெறுங்கையால் வயரைப் பிடுங்கும் வீரர்கள் உண்டு. அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட், வேண்டாம்!) ஆட்டம் அதிகமானால் அது உழைக்கிற சிலிண்டர். எந்த மாற்றமும் இல்லையென்றால், தூங்குவது அதுதான். மூன்றுமே ஒரே மாதிரி உழைத்தால் கோளாறு பொதுவான இடத்தில்: கார்புரேட்டர், டைமிங், அல்லது எங்காவது காற்று உறிஞ்சும் வேக்குவம் ஹோஸ். காற்று கசிந்தால் ஐடிலிங்கில் ஆடும், வேகம் ஏற ஏற சரியாகிவிடும்.

தூங்குகிற சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும். பிஸ்கட் நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போட்டால் கோளாறும் கூடவே போகிறதா? அப்படியானால் ஒரு பிளக்கோடு செலவு முடிந்தது. வயர் மேல் சந்தேகமா? ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் வெடித்த வயரில் நீலப் பொறி ஓடுவது பல சமயம் கண்ணுக்கே தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷன் கேஜ். அழுத்தம் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, இறக்கத்தான் வேண்டும். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இங்கே ஹெட்டைக் கழற்றும் முன் டாப்பெட் இடைவெளியை அளந்துவிட வேண்டும். அது இறுகி, வால்வு முழுசாக மூடாமல் இருந்தாலும் அழுத்தம் இறங்கும். சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் வயரைக் கழற்றும் விளையாட்டு கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைப் பொசுக்கிவிடும். அவற்றில் இன்ஜெக்டர் கனெக்டரைத்தான் பிடுங்க வேண்டும். புதிய வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால் பி0302 என்று எண்ணே வரும், அதாவது இரண்டாவது சிலிண்டர். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் முதல் இரண்டு காயில்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். எண் பி0301 ஆக மாறினால், காயில்.