‘வந்துவிட்டது’ என்று சொல்வதற்கு முன்

கண்ணு, செய்திகளை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் மெசேஜ் புரோக்கரை ஒரு சர்வரில் நிறுவப் பத்து நிமிஷம் போதும். உபுண்டுவில் ஒரே கட்டளையில் மஸ்கிட்டோ என்ற புரோக்கர் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிஸ்டம்டி அதை எழுப்பிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கிறது என்று பச்சை எழுத்தில் காட்டும். பலர் அதோடு எழுந்து போய்விடுகிறார்கள். உன் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சித்தூரில் நான் கடைசியாகப் பார்த்துக்கொண்ட சர்வரை வைத்தே சொல்கிறேன். பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று திருப்பதி வரைக்கும் உள்ள பால் குளிரூட்டும் மையங்கள் அதற்குச் செய்தி அனுப்பின. பல்க் கூலரில் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது ஒரு செய்தி. 4 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், ஏறினால் பால் கெடும். எந்த விவசாயி எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு என்பது இன்னொரு செய்தி. முதலாவதில் ஒன்று தொலைந்தால் அடுத்த நிமிஷம் வேறொன்று வரும். இரண்டாவதில் ஒன்று தொலைந்தால் ஒரு குடும்பத்தின் கூலி போச்சு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறவன் இரண்டையுமே புரிந்துகொள்ளவில்லை.

மையங்கள் பேசிய மொழி எம்க்யூடிடி. ஆர்லென் நிப்பரும் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் 1999இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கியது. சாட்டிலைட் இணைப்புக்கு அப்போது காசும் அதிகம், அலைவரிசையும் குறுகல். அதனால்தான் சிக்னல் வந்து வந்து போகும் நம் ஊர்ப் பக்கத்துக்கும் அது பொருந்துகிறது. செய்தி சேர்வதற்கு அதில் மூன்று உத்தரவாத நிலைகள் உண்டு. 0 என்றால் அனுப்பிவிட்டு மறந்துவிடுவது. 1 என்றால் குறைந்தது ஒரு முறையாவது சேரும், இரண்டு முறையும் சேரலாம். 2 என்றால் சரியாக ஒரே முறை. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 2 போட்டுவிடுகிறார்கள். அந்த உத்தரவாதம் அனுப்புகிறவருக்கும் புரோக்கருக்கும் நடுவில், பிறகு புரோக்கருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் மட்டும்தான். டேட்டாபேஸில் எழுதும்போது நிரல் விழுந்தால் 2 உன்னைக் காப்பாற்றாது. நான் வெப்பநிலைக்கு 0 வைத்தேன், பால் கணக்குக்கு 1. ஒவ்வொரு ஊற்றலுக்கும் ஒரு ரசீது எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் மறுக்கும்படி செய்தேன். செய்தி இரண்டு முறை வந்தாலும் பணம் ஒரு முறைதான் ஏறும்.

என் அப்பா மீட்டர் கேஜ் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைத் தடத்தில் டோக்கன் டிரைவர் கைக்கு வராமல் வண்டி நகராது. அடுத்த ஸ்டேஷன் சம்மதிக்காமல் கருவியிலிருந்து டோக்கனை எடுக்கவும் முடியாது. ‘வந்துவிட்டது’ என்று புரோக்கர் தரும் ஏற்பும் அந்த ரகம். அனுப்பியவன் அதை நம்பித் தன் பிரதியை அழித்துவிடுகிறான். ஆகவே ஏற்பைக் கொடுக்கும் முன், எதை நம்பிக் கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள். மஸ்கிட்டோவின் கான்ஃபிக் கோப்பில் பெர்சிஸ்டன்ஸ் ‘ட்ரூ’ என்று இருக்கிறதா என்று முதலில் பார். அப்படி இருந்தாலும் நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமிப்பது 1800 நொடிக்கு ஒரு முறைதான். அந்த அரை மணிக்குள் மின்சாரம் போனால், ‘வந்துவிட்டது’ என்று நீ சொல்லி, வாங்கும் நிரலுக்காகக் கையில் காத்திருந்த பால் கணக்கு இருந்த இடம் தெரியாது. ஆட்டோசேவ் இடைவெளியைக் குறைத்துவிடு. வாங்கும் நிரலுக்கு மாறாத ஒரு பெயர் வை, கிளீன் செஷனை அணைத்து வை. இல்லாவிட்டால் அது துண்டிக்கப்பட்ட நேரத்தில் வருவதைப் புரோக்கர் அதற்காக எடுத்து வைக்காது. அந்த நிரலும் டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகே ஏற்பு தர வேண்டும். சில லைப்ரரிகள் செய்தி கைக்கு வந்ததுமே கொடுத்துவிடும், நீ படித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும். ஸ்வர்ணமுகி பெருகியது, ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழே உள்ள கிராமங்கள் பதறின. இணைப்பு அறுந்த மையங்களின் கருவிகள் கணக்கைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. திரும்ப இணைப்பு வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும், இதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஒரு வாங்கிக்காக மஸ்கிட்டோ வரிசையில் வைப்பது வழக்கமாக 1000 செய்திதான், மிஞ்சுவதைத் தள்ளிவிடும். ஆகவே மிக மோசமான நாளில் எத்தனை வரும் என்று கணக்குப் போட்டு வரம்பை உயர்த்து. 0 போட்டால் வரம்பே இல்லை, அதைச் செய்யாதே. நினைவகம் நிரம்பினால் கர்னல் மஸ்கிட்டோவையே கொல்லும், அப்புறம் யாருக்கும் சேவை இல்லை. இந்த விஷயத்தில் ராபிட்எம்க்யூ என்ற இன்னொரு புரோக்கர் நடந்துகொள்வது எனக்குப் பிடிக்கும். நினைவகம் எல்லையைத் தொட்டதும் அனுப்புகிறவர்களை நிறுத்தி வைக்கும். முடியாததை முடியாது என்று உரிய நேரத்தில் சொல்வது நேர்மை, வேலையிலும் வீட்டிலும்.

2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து மஸ்கிட்டோ, நீ கதவைத் திறக்காதவரை அதே கணினிக்குள் மட்டுமே பேசும். வெளியிலிருந்து இணையவில்லையே என்ற அவசரத்தில் பெயரில்லாதவரையும் அனுமதிக்கும் வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். நீ சேர்க்காதே. மையத்துக்கு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், தன் தலைப்பில் மட்டும் எழுதும் உரிமை, 8883இல் டிஎல்எஸ். சான்றிதழ் காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் குறித்து வை.

ஒரு மையம் பேசாமல் போனால் அதுவும் செய்திதான். கீப்அலைவ் 60 நொடி என்றால், 90 நொடி மௌனத்துக்குப் பிறகு புரோக்கர் இணைப்பை முறித்து, அந்த மையம் முன்பே எழுதிக்கொடுத்த ‘வில்’ செய்தியை வெளியிடும். அதைக் கட்டாயம் எழுதிக்கொடுக்கச் சொல். கூலர் நின்ற விஷயம் மறுநாள் காலைப் பால் வண்டியோடு தெரியவரக் கூடாது.

எல்லாம் அமைத்த பிறகு, மையங்களை இணைக்கும் முன்பே ஒரு நாள் சர்வரின் பிளக்கை நீயே பிடுங்கு. முறையாக நிறுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது, நிறுத்தும்போது அது எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் போகும். பிடுங்கு, மறுபடி ஏற்று, அனுப்பிய ரசீது எண்களையும் சேர்ந்தவற்றையும் ஒப்பிடு. குறைந்தால் கான்ஃபிக் கோப்புக்குத் திரும்பு. அதில் நீ மாற்றும் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹாஷ் போட்டு, ஏன் மாற்றினாய் என்பதைத் தேதியோடு எழுது. உனக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கிறவன் நடுராத்திரியில்தான் திறப்பான், பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது.