புது மூட்டு, பழைய வலி

"இவ்வளவு செலவழிச்சு மூட்டு மாத்தியாச்சே, இன்னுமா வலிக்குது?" என்று கேட்காத உறவினர் இல்லை. ஆபரேஷன் முடிந்து 8 மாதம். பிள்ளை போட்ட பணமாயிற்றே, வலி என்று சொல்லவே கூச்சம்!

டாக்டர் அம்மா கோபிக்கவில்லை. "சுமார் 5 பேரில் ஒருத்தருக்கு 3 மாசத்துக்கு மேலேயும் வலி நீடிக்கும். நீங்க பொய் சொல்லலைம்மா" என்றார். பாதி பாரம் அப்போதே இறங்கிவிட்டது. கிருமித் தொற்று உண்டா, பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார். இடுப்பு, முதுகுத்தண்டுக் கோளாறாலும் முழங்காலில் வலி தெரியுமாம், அதையும் சோதித்தார். ஒன்றும் இல்லை.

அப்புறம் தினசரி வைத்தியந்தான். காலையும் மாலையும் படுத்தபடி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 எண்ணி விடுகிறேன், 10 தடவை. வேலை முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், 15 நிமிஷம். காய் நறுக்க ஸ்டூல். துணி துவைக்கிற நாளில் கடைக்குப் போவதில்லை.

மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ மட்டும் கைவைத்தியம் கூடாது, உடனே டாக்டர்தான்.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனாலும் கோயில் பிராகாரத்தை இரண்டு சுற்று வருகிறேன். சகோதரிகளே, வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வலியை நாம்தானே சொல்லவேண்டும்!