அம்மாவின் காந்தள்

ஆபிஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்கா, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை.

ஊர்ல எங்க வீட்டு வேலியில ஒரு செங்காந்தள் கொடி. கண்வலிக் கிழங்குன்னு சொன்னாத்தான் அங்க தெரியும். கோடையில செத்த மாதிரி காய்ஞ்சுடும். மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து மறுபடி முளைச்சு, இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடிச்சிக்கிட்டு ஏறும். பூ மொதல்ல பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில நெருப்பு. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்கின 99 பூவுல முதல் பூ இதுதான் (பத்தாங்கிளாஸ் தமிழய்யா வாழ்க!). அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அது அவங்க அம்மா வீட்டுக் கிழங்கு, அவ்ளோதான்.

தீபாவளிக்கு அக்கா வந்திருந்தா. பையனுக்கு ரெண்டு வயசு, எதைப் பார்த்தாலும் வாய்க்குத்தான் போகுது. கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம், கோல்சிசின்னு நான்தான் சும்மா இருக்காம சொல்லித் தொலைச்சேன். அப்பா சிரிச்சார். கால் பெருவிரல் வீங்கினப்ப டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையும் அதே கோல்சிசின்தான். அக்கா சிரிக்கலை.

"இது இருந்தா இவனைக் கூட்டிட்டு வரமாட்டேம்மா."

அம்மா ஒண்ணும் பேசலை. காலையில பார்த்தா வேலி காலி. பூத்துக்கிட்டு இருந்த கொடி குப்பையில. கிழங்கு மட்டும் மண்ணோட பழைய பெயிண்ட் டப்பால, மொட்டைமாடியில. மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வேற.

போன ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டேன்.

"தோண்டறப்ப ஒரு நுனி ஒடிஞ்சுடுச்சுடா. நுனியிலதான் முளைக்கும். இன்னொரு பக்கம் நல்லாத்தான் இருக்கு, மழை வரட்டும் பார்ப்போம். அவன் சாப்பிடறானாமா?"