சேவலும் மனுவும்: ‘கந்தசாமி’ படத்தைத் திரும்பிப் பார்க்கிறோம்

2009 ஆகஸ்டில் வெளியான ‘கந்தசாமி’யை இன்றைய கல்லூரித் தம்பி தங்கைகள் பெரும்பாலும் டிவியில்தான் பார்த்திருப்பீர்கள். சுசி கணேசன் இயக்கிய படம். திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் ஏழைகள் தங்கள் குறைகளைக் கடிதமாக எழுதிக் கட்டுகிறார்கள். சில நாளில் பணம் வந்து சேருகிறது. சாமி கொடுத்தது என்று நம்புகிறார்கள். உண்மையில் கொடுப்பவர் விக்ரம். பகலில் சிபிஐ அதிகாரி, இரவில் சேவல் வேஷம் போட்டவர். பணக்காரர்கள் பதுக்கிய கறுப்புப் பணத்தை எடுத்து, கடிதம் எழுதியவர்களுக்குக் கொடுக்கிறார்.

நாங்கள் காரியாபட்டி வட்டாரத்தில் மக்களோடு உட்கார்ந்து மனு எழுதுகிறவர்கள். பாதை மனு, பட்டா மனு, சுடுகாட்டு மனு, வன்கொடுமைப் புகார். அதனால் இந்தப் படத்தை வெறும் பொழுதுபோக்காக எங்களால் பார்க்க முடியவில்லை. நமக்குத் தெரிந்த தமிழ் சூப்பர் ஹீரோ படங்களில், மனுவை மையமாக வைத்த கதை இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்.

ஒன்று, படம் யாரைக் குற்றவாளி என்கிறது என்பது. இதே விக்ரம் நடித்து 2005இல் வந்த ‘அந்நியன்’ கருட புராணத்தைப் பார்த்துத் தண்டனை கொடுத்தது. அதில் குடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் திரியும் ஆளும் சாக வேண்டியவன். சோம்பேறி, குடிகாரன் என்ற பட்டம் இந்த நாட்டில் எந்தத் தெருவின் மேல் ஒட்டப்படுகிறது என்று நமக்குத் தெரியும். ‘கந்தசாமி’ அப்படிக் கீழே பார்த்துக் கை ஓங்கவில்லை. மேலே பார்த்தது. நாட்டின் நோய் ஏழையின் ஒழுக்கத்தில் இல்லை, பதுக்கியவனின் பெட்டியில் இருக்கிறது என்றது. இது சின்ன விஷயமில்லை.

இரண்டு, நாயகன் தனி ஆள் இல்லை. பல துறைகளில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பர்கள் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். கூட்டாகச் செய்தால்தான் வேலை நடக்கும் என்ற உண்மை அதில் இருக்கிறது.

மூன்று, வெளிநாட்டு வௌவாலையும் சிலந்தியையும் கடன் வாங்காமல், முருகனின் கொடியில் இருக்கும் சேவலை எடுத்தது. கூரையில் கூவுகிற பறவை நம் பிள்ளைகளுக்கு அந்நியம் இல்லை.

இனி குறைகள். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவதையும், மெக்சிகோவுக்குப் போய்க் கதை காணாமல் போவதையும், ஸ்ரேயாவின் பாத்திரத்தைக் கோபக்காரப் பெண்ணாகத் தொடங்கிக் கவர்ச்சிப் பாட்டுக்குள் தள்ளியதையும் அப்போதே பலர் பேசிவிட்டார்கள். எங்கள் கணக்கு வேறு.

அந்த மரம் கோயில் மரம். அங்கே போய்க் கடிதம் கட்ட எல்லோராலும் முடியும் என்று படம் எடுத்துக்கொள்கிறது. கோயிலுக்குள் நுழைவதற்கே போலீஸ் பாதுகாப்பு கேட்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. அவர்கள் தங்கள் கடிதத்தை எந்த மரத்தில் கட்டுவது? ஏழை என்ற சொல் படம் முழுக்க வருகிறது, சாதி என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆபரேஷனுக்குப் பணம் இல்லாதவருக்குக் கட்டுப்பணம் தீர்வு. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடக்கிறவருக்கு எத்தனை கட்டு கொடுத்தாலும் பாதை வராது.

அடுத்தது முகமூடி. சூப்பர் ஹீரோவின் பாதி பலமே அவர் யார் என்று ஊருக்குத் தெரியாததுதான். நம் ஆட்களுக்கு அந்த வசதி கிடையாது. எந்தத் தெரு என்று கேட்டாலே போதும், முகம் தெரிந்துவிடும். மனுவில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கைநாட்டு எல்லாம் இருக்கும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீட்டைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். மனுக் கொடுப்பது என்றால் அதுதான். முகத்தைக் காட்டிக்கொண்டு போவது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: “எத்தனை திங்கக்கிழமை விருதுநகருக்கு அலையுறது, அண்ணே? ஒரு கந்தசாமி இருந்தா நல்லாத்தான இருக்கும்?” அந்தக் கேள்வியில் இருக்கும் களைப்பை நாங்கள் மதிக்கிறோம். வேலிக்கருவை வெட்டுகிற கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், ஒரு ரசீதோடு திரும்புகிறவருக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. படம் ஓடியதும் அந்தக் களைப்பை வைத்துத்தான்.

ஆனால் கந்தசாமி கொடுப்பது வரம். வரத்துக்குக் கணக்குக் கேட்க முடியாது, வராவிட்டால் மேல்முறையீடு கிடையாது. நம் கையில் இருப்பது உரிமை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995ஆம் ஆண்டு விதிகளும் சொல்வதைப் பாருங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும். டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை, ஏழு நாளுக்குள் நிவாரணம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரி மீது 4ஆவது பிரிவு பாயும். இவையெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நடக்காதபோது பிடித்துக் கேட்க ஒரு பிடி இருக்கிறது என்கிறோம்.

அரசியலில் தனிமனித பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். 1927இல் மகத் குளத்துக்கு ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போனவரின் எச்சரிக்கை அது. அன்று குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தவர்களில் யாரும் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே படத்தைப் பாருங்கள், சேவல் பறந்து பறந்து அடிக்கும்போது விசிலும் அடியுங்கள். பதுக்கிய பணம் திருட்டுப் பணம் என்று சொன்னதற்காக அதற்கு ஒரு நல்ல மார்க் போடலாம். வாங்கிக்கொள்ளும் கைகளுக்கு ஒரு வசனம்கூடக் கொடுக்காததற்காகக் குறைத்தும் போடலாம். அடுத்த திங்கட்கிழமை உங்கள் ஊரிலிருந்து ஒரு அம்மா தனியாக மனுவோடு பஸ் ஏறினால், நாலு பேர் கூடப் போய் உட்காருங்கள். ரசீது எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால், அந்த எண்ணைப் போட்டு அடுத்த மனுவை எழுதுங்கள்.